யாருக்கும் பனிச்சறுக்குத் தெரியாது, கையில் நான்கு நாள், குறைந்த செலவு: எப்படித் திட்டமிடுவது?

கேள்வி, 2023 நவம்பர் 3

நாங்கள் நால்வர். ஒருவர்கூட இதுவரை சறுக்குப் பலகையில் கால் வைத்ததில்லை. போகவர ஆகும் நேரம் போக நான்கு நாள் கிடைக்கும். பெயர் பெற்ற பெரிய மலை ஒன்றுக்குப் போய், எல்லாச் சரிவுகளுக்கும் செல்லுபடியாகும் லிப்ட் பாஸ் (சரிவின் மேலே ஏற்றிச்செல்லும் லிப்டுகளுக்கான சீட்டு) வாங்கிக்கொள்வதாக எண்ணம். எங்களுடன் வரும் நண்பர் முன்பு இரண்டு முறை சறுக்கியிருக்கிறார். அவரே சொல்லிக்கொடுத்துவிடுவார் என்பதால் பயிற்சி வகுப்புச் செலவு மிச்சம். இந்தக் கணக்கில் பிழை உண்டா?

நவம்பர் 4

பிழை உண்டு. வெட்ட வேண்டிய இடத்தில் செலவும், செலவிட வேண்டிய இடத்தில் வெட்டும் விழுந்திருக்கின்றன. முதல்முறையாகப் பலகை மாட்டுகிறவர் நான்கு நாளில் பயன்படுத்தப்போவது, பள்ளி விளையாட்டுத் திடல் அளவுள்ள ஒரு சரிவையும், அதன் ஓரமாக ஊர்ந்து செல்லும் மேஜிக் கார்பெட் என்ற நகரும் பட்டையையும், மூன்றாம் நாள் துணிச்சல் வந்தால் இன்னொரு லிப்டையும்தான். மற்ற லிப்டுகள் உங்களுக்கு வேடிக்கை பார்க்க மட்டுமே பயன்படும், அதற்குப் பாஸ் தேவையில்லை.

2013-இல் என் முதல் பயணத்தில் இதே கணக்கைத்தான் போட்டேன். வரைபடத்தில் மலை முழுவதும் கோடுகளாக ஓடியதைப் பார்த்து மயங்கி, முழுப் பாஸ் வாங்கினேன். நான்கு நாள் முடிவில் எண்ணிப் பார்த்தபோது நான் ஏறியிருந்தவை இரண்டே லிப்டுகள், அவற்றில் ஒன்று அங்கே எல்லோருக்கும் இலவசம். மலையைக் கெல்லி எலி பிடித்த கதை. பெரிய மலைக்குப் போவதால் அறை வாடகை, உணவு, உபகரண வாடகை ஆகிய எல்லாமே உயர்கின்றன. அந்த உயர்வுக்குக் காரணமான நீண்ட, செங்குத்தான ஓட்டங்களோ (சறுக்கி இறங்கும் தடங்கள்) உங்கள் கண்ணுக்கு மட்டும்தான். ஆகவே சிறிய மலையாகப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு ஓட்டங்கள் இருந்தால் தாராளம். அவற்றில் தொடக்கநிலைச் சரிவு அகலமாகவும், அடிவாரத்தில் தானாகவே வேகம் குறையும்படி தட்டையாகவும் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

நவம்பர் 4, இரவு

நண்பர் சொல்லிக்கொடுப்பதைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. எனக்கும் ஒரு நண்பர்தான் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் காலையிலேயே நாற்காலி லிப்டில் உச்சிக்கு அழைத்துச் சென்று, “முழங்காலை மடக்கு, கீழே பார்க்காதே” என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். கெட்ட மனிதர் அல்லர்; தான் எப்படிக் கற்றோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அந்த ஓட்டத்தை அவர் ஐந்து நிமிடத்தில் முடித்தார். நான் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன், அதில் கடைசிப் பகுதியைப் பலகைகளைத் தோளில் சுமந்து நடந்தே கடந்தேன். மதியம் மறுபடி ஏற மறுத்துவிட்டேன்.

பயிற்றுநர் வேறு வரிசையில் போவார். முதலில் ஒரு காலில் மட்டும் பலகையை மாட்டித் தட்டையான பனியில் நடக்க வைப்பார். பிறகு பக்கவாட்டில் படிபோல ஏறுவது, விழுந்தால் எழுவது. அதன் பின்புதான் பலகைகளின் முனைகளைச் சேர்த்து வால்களை விரித்து நிறுத்தும் ஸ்னோப்லோ. குழந்தைகளிடம் அதன் வடிவத்தைக் காட்டிப் பீட்சா என்பார்கள். நிற்கத் தெரிந்த பிறகே திரும்புவது. இந்த வரிசைக்குத்தான் பணம் கொடுக்கிறோம்.

நவம்பர் 6

உபகரணம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பலகை, பூட்ஸ், கம்பு, ஹெல்மெட் நான்கும் வாடகைக்கு. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய பலகை வாங்கி விமானத்தில் ஏற்றினால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும். நீர் புகாத மேற்சட்டையும் காற்சட்டையும் யாரிடமாவது இரவல் கிடைக்கும், ஏனென்றால் ஒரே ஒரு முறை போய்வந்தவர்களின் அலமாரிகளில் அவை சும்மாதான் தொங்குகின்றன. சொந்தக் காசில் வாங்க வேண்டியவை கையுறை, காலுறை, கண்ணைக் காக்கும் கூகிள்ஸ். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நான்கு முறை உட்கார்ந்து எழுந்தால் போதும், நாள் முழுவதும் குளிர்ந்த ஈரத்துணியை உடுத்தியிருப்பீர்கள். புதிதாகக் கற்பவர் நான்கு முறையோடு நிறுத்துவதில்லை.

சன்ஸ்கிரீனை மறக்காதீர்கள். 1,000 மீட்டர் உயரம் கூடக்கூடப் புறஊதாக் கதிர்கள் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகின்றன. புதுப்பனி அவற்றில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். மோவாயின் அடியிலும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும் வெயில் சுடும் என்று அங்கே போய்த்தான் நான் அறிந்தேன்.

நவம்பர் 7

4-ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு திருத்தம். முழுப் பாஸ் வேண்டாம் என்றேன். ஆனால் சில இடங்களில் வகுப்பு, உபகரண வாடகை, தொடக்கநிலை லிப்டுகள் மூன்றையும் சேர்த்துப் புதியவர்களுக்கென ஒரே தொகுப்பாக விற்கிறார்கள். தனித்தனியாக வாங்குவதைவிட அது குறைவாக இருக்கலாம். தொகுப்பில் முழுப் பாஸும் சேர்ந்தே வந்தால், வந்துவிட்டுப் போகட்டும். தொகுப்பு இல்லாத இடத்தில், முதல் இரண்டு நாளுக்குத் தொடக்கநிலைப் பாஸ் மட்டும் வாங்கி, மூன்றாம் நாள் காலையில் பயிற்றுநரைக் கேட்டு முடிவு செய்வதே சரி.

நவம்பர் 9

பூட்ஸ் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். முதல் பயணம் பாழாகும் வழிகளில் இதற்கு முதலிடம் கொடுப்பேன். வாடகைக் கடையில் நெரிசலாக இருக்கும், பின்னால் வரிசை நிற்கும், கடைக்காரர் காலணி அளவைக் கேட்பார், நாம் சொல்வோம், “இறுக்கமாக இருக்கிறதா” என்பார், நாம் “ஆமாம்” என்போம், உடனே ஓர் அளவு பெரியதைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். எனக்கு அப்படித்தான் இரண்டு அளவு பெரிய பூட்ஸ் வாய்த்தது. செருப்பைப் போல வசதியாக இருந்தது. பனியில் இறங்கியதும், பாதம் உள்ளே ஒரு பக்கம் திரும்ப, பலகை தன் போக்கில் போயிற்று. அதைப் பிடித்து நிறுத்த விரல்களை மடக்கி மடக்கி, அன்று மாலை பாதமெல்லாம் பிடித்துக்கொண்டது.

சரியான பூட்ஸை இப்படிச் சோதியுங்கள். அளவு மோண்டோ முறையில் இருக்கும், அதாவது பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். வீட்டிலேயே குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பூட்ஸில் காலை விட்டதும் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள், அதன் பிறகே கொக்கிகளைப் போடுங்கள். நேராக நிற்கும்போது பெருவிரல் முன்சுவரை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் அது சற்றே விலக வேண்டும். குதிகால் மேலே எழவே கூடாது. கைகுலுக்கும்போது ஒருவர் உறுதியாகப் பற்றுவது போன்ற இறுக்கம் சரி. ஓர் இடத்தில் மட்டும் குத்தினால் சரியில்லை. போட்டுக்கொண்டு பத்து நிமிடம் கடைக்குள்ளேயே நில்லுங்கள். வரிசையில் நிற்பவர்கள் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

அடுத்தது பைண்டிங். பூட்ஸைப் பலகையோடு பிணைப்பதும், விழும்போது சரியான விசையில் கழன்று காலைக் காப்பதும் அதுதான். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றை வைத்து அட்டவணை பார்த்துக் கடைக்காரர் திருகுவார். திறனைக் கூட்டிச் சொன்னால் பைண்டிங் இறுகும். பலகை கழலாமல் முழங்கால் திருகிக்கொள்ளும். எடையைக் குறைத்துச் சொன்னால் வேண்டாத இடத்தில் கழன்று உங்களைக் கவிழ்க்கும். வேறு எங்கே பொய் சொன்னாலும் அந்தப் படிவத்தில் வேண்டாம். பலகையின் நீளம் மோவாய் வரையோ அதற்குச் சற்றுக் கீழோ இருந்தால் புதியவருக்குப் போதும்.

நவம்பர் 10

“குளிருமே, இரண்டு காலுறை போடலாமா?” கூடாது. மெல்லிய, முழங்கால் வரை வரும் ஒரே காலுறை. இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து கணுக்காலை அறுக்கும், இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் அதிகமாகக் குளிரும். உள்ளாடைக் காற்சட்டையின் விளிம்பையும் பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது.

நவம்பர் 13

எப்போது போவது என்பதில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது. புத்தாண்டு வாரமும் பள்ளி விடுமுறை வாரங்களும் எங்கும் விலை உச்சம். ஐரோப்பாவில் பிப்ரவரி விடுமுறை ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு வாரத்தில் வருவதால் அந்த மாதம் முழுவதுமே நெரிசல் நகர்ந்துகொண்டிருக்கும். புத்தாண்டு முடிந்த கையோடு வரும் ஜனவரி வாரங்கள் வடகோளத்தில் விலை இறங்கும் காலம்; குளிர் கடுமையாக இருக்கும், பனி நன்றாக இருக்கும். மார்ச் மாதத்தில் பகல் நீளம், வெயில் இதம், ஆனால் காலையில் கண்ணாடி போல் உறைந்திருக்கும் சரிவு மதியத்துக்குள் கூழாகிவிடும். இரண்டுமே புதியவருக்கு எதிரி. தென்கோளத்தில் பருவம் ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை. வாரநாள்களில் போனால் வகுப்பில் ஆள் குறைவு, எனவே பயிற்றுநரின் கவனம் அதிகம்.

சிறிய மலை என்றால் பெரும்பாலும் தாழ்ந்த மலை. 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. திருப்பிப் போட்டால், தாழ்ந்த இடத்தில் பனி நிற்குமா என்ற ஐயம் வருகிறது. செயற்கைப் பனி தெளிக்கும் பனிப்பீரங்கி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அதுவும் மாயம் செய்யாது, காற்று வறண்டு, உறைநிலைக்குச் சற்றேனும் கீழே குளிர்ந்தால்தான் தெளித்த நீர் பனியாகி விழும். உங்களுக்குச் சாதகமான செய்தி, பனி குறைந்த ஆண்டிலும் தொடக்கநிலைச் சரிவைத்தான் முதலில் மூடிவைப்பார்கள், ஏனென்றால் அதன் பரப்பு சிறிது, வகுப்புகள் நடந்தாக வேண்டும்.

சரிவுகளின் நிறம்: நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். நீலத்தைத் தாண்டாதீர்கள்.

நவம்பர் 14

நேற்று எழுதியதன் கடைசி வரியை நம்பி யாரும் எலும்பை முறித்துக்கொள்ள வேண்டாம். நான் எழுதியது ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போன்ற இடங்களுக்குப் பொருந்தும். பிரான்ஸில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. வட அமெரிக்காவில் பச்சை வட்டம்தான் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஜப்பானில் பச்சை, சிவப்பு, கறுப்பு. போதாக்குறைக்கு, நிறம் அந்த மலைக்குள் ஒப்பிட்டு இடப்படுவது. செங்குத்தான மலையின் எளிய சரிவு, மெத்தென்ற மலையின் நடுத்தரச் சரிவைவிடக் கடினமாக இருக்கலாம். “போன வருடம் நீலத்தில் சறுக்கினேன்” என்று ஒருவர் சொன்னால், எந்த நாட்டு நீலம் என்று கேளுங்கள்.

நவம்பர் 18

லிப்டுகளில் மூன்று வகை உங்களைச் சோதிக்கும். நகரும் பட்டையில் நிற்பது மட்டுமே வேலை. இழுவை லிப்டில் கவிழ்த்த நங்கூரம் போன்ற ஒரு தண்டு வரும். அதைப் பார்த்தால் உட்காரத் தோன்றும். உட்காரக் கூடாது. அது உங்கள் பின்புறத்தைத் தள்ளிக்கொண்டு போகும், நீங்கள் நின்றபடியே பலகைகளை நேராக ஓடவிட வேண்டும். நான் உட்கார்ந்தேன். கம்பி நீண்டுகொண்டே போனது, நான் பனியில் அமர்ந்தேன், தண்டு என்னை விட்டுவிட்டு மேலே போயிற்று, அடுத்த தண்டில் வந்த தம்பதியர் என் மேல் வந்தார்கள். விழுந்தால் உடனே பக்கவாட்டில் உருண்டு தடத்தை விட்டு விலக வேண்டும், எழுவது பிறகு.

நாற்காலி லிப்டில் ஏறுவதைவிட இறங்குவது கடினம். இறங்கிய இடத்திலேயே நின்று கையுறையைச் சரிசெய்யாதீர்கள், பின்னால் அடுத்த நாற்காலி வந்துகொண்டிருக்கும். (இந்த நாற்காலி லிப்ட் 1936-இல் அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்திலுள்ள சன் வேலியில் முதன்முதலாக வந்தது. யூனியன் பசிபிக் ரயில் நிறுவனப் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலில் ஏற்றும் பொறியைப் பார்த்து, கொக்கிக்குப் பதில் நாற்காலியை மாட்டினார். உங்களை வாழைத்தார் போல உணரவைக்கும் அந்தத் தூக்கல் தற்செயலானது அன்று.)

நவம்பர் 19

காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு பல நேரங்களில் சேராது. தனியாகச் சேர்க்க வேண்டும். மலையிலிருந்து மீட்டு இறக்கும் செலவும், நீங்கள் மோதி இன்னொருவருக்கு நேரும் சேதமும் அதில் அடங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். இத்தாலியில் 2022 தொடக்கத்திலிருந்து இந்த இரண்டாவது வகைக் காப்பீடு கட்டாயம். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மோதல் என்றதும் நினைவுக்கு வருகிறது: பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு சரிவுகளுக்கென 10 விதிகள் வைத்திருக்கிறது. புதியவருக்கு இரண்டு போதும். பின்னாலிருந்து வருபவர்தான் முன்னால் இருப்பவரைத் தவிர்த்துப் போக வேண்டும். குறுகலான இடத்திலும் மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்திலும் நிற்கக் கூடாது, விழுந்தால் விரைந்து ஒதுங்க வேண்டும். முதல் விதி உங்களுக்குப் பெரிய ஆறுதல்.

நவம்பர் 25

நாள்வாரியாக எழுதச் சொன்னார்கள். முதல் மூன்று நாளும் காலையில் வகுப்பு, மதியம் அன்று கற்றதை அதே சரிவில் ஒரு மணி நேரம் செய்துபார்ப்பது, அதோடு நிறுத்தம். நான்காம் நாள் வகுப்பு இல்லாமல் நீங்களாகவே. நால்வரும் ஒரே நிலையில் இருப்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தனிப் பயிற்றுநரை அமர்த்தி நான்காகப் பிரித்தால் குழு வகுப்பின் கட்டணத்துக்கு எவ்வளவு நெருங்குகிறது என்றும் கணக்குப் பாருங்கள். பல நேரம் வியப்பாக இருக்கும்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் இருப்பது போல முழங்காலை மடக்கி நிற்கும் பயிற்சி செய்யுங்கள். இரண்டாம் நாள் மாலை படியிறங்கும்போது தொடைகள் நன்றி சொல்லாவிட்டாலும் திட்டுவது குறையும்.

2024 ஜனவரி 21

என் அக்கா குடும்பத்தை அழைத்துக்கொண்டு போன வாரம் ஒரு சிறிய மலைக்குப் போய்வந்தேன். மேலே எழுதியவற்றில் சிலவற்றை மாற்றிக்கொள்கிறேன்.

அறையைச் சரிவிலிருந்து தள்ளி எடுத்தால் மலிவு என்று எண்ணி, பேருந்தில் இருபது நிமிட தூரத்தில் எடுத்தேன். வாடகை குறைந்தது உண்மை. ஆனால் பூட்ஸ் போட்ட கால்களோடு, இரண்டு பிள்ளைகளின் பலகைகளையும் சேர்த்துச் சுமந்து, நின்றுகொண்டே பயணம் செய்து வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தபோதே எல்லோரும் களைத்திருந்தோம். இரண்டாம் நாள், உபகரணங்களை வாடகைக் கடையிலேயே இரவில் வைத்துவிட்டு வரலாம் என்று தெரிந்தது. இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கடை லிப்டின் அருகிலும் அறை தொலைவிலும் இருந்தால் மலிவு, வசதி இரண்டும் கிடைக்கும். கடையும் அறையும் தொலைவில் இருந்தால் தண்டனை.

கம்பு பற்றி, வாடகைக்கு எடுங்கள் என்றதைத் தவிர, நான் ஒன்றுமே எழுதவில்லை. அத்தான் கம்பின் வாரில் கையை நுழைத்தபடியே விழுந்து, கட்டைவிரலின் அடிமூட்டைத் திருப்பிக்கொண்டார். இதற்கு ஸ்கீயர்ஸ் தம்ப் என்று பெயரே இருக்கிறதாம், அவ்வளவு பேர் இப்படி விழுந்திருக்கிறார்கள். முதல் இரண்டு நாள் கம்பே தேவையில்லை. எங்கள் பயிற்றுநரும் முதல் வகுப்பில் எல்லோருடைய கம்புகளையும் வாங்கி வேலியோரம் நட்டுவைத்துவிட்டார். மதியம் அத்தான் அதைப் போய் எடுத்துவந்ததால் வந்த வினை.

அக்காவுக்கு வயது 52. இரண்டாம் நாள் காலை வரை நிற்கவே வரவில்லை. பிறகு அந்தப் பயிற்றுநர் எதிரே பின்னோக்கிச் சறுக்கியபடி, “என் முகத்தைப் பாருங்கள், பலகையைப் பார்க்காதீர்கள்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே கீழே வரை வந்தார். பத்து நிமிடம் அப்படி வந்த பிறகு அவர் பேச்சை நிறுத்தியதை அக்கா கவனிக்கவில்லை.

ஜனவரி 23

நான்கு நாள் வேண்டுமா, மூன்று போதுமா என்ற கேள்விக்கு, நவம்பரில் கேட்டிருந்தால் மூன்று என்றிருப்பேன். இப்போது நான்கு என்கிறேன். எங்கள் ஆறு பேரில் ஐந்து பேருக்கு மூன்றாம் நாள் உடல்வலி உச்சத்தில் இருந்தது, அன்றைய வகுப்பை வெறுத்தார்கள்; நான்காம் நாள் காலையில்தான் சிரித்தார்கள். பணம் மூன்று நாளுக்குத்தான் என்றால், நடுவில் ஒரு நாள் பலகையில்லாமல் ஓய்வு எடுத்து, அறைக்கு மட்டும் கொடுங்கள். வாடகைக் கடையில் அந்த நாளுக்குக் கட்டணம் இல்லாமல் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் மார்ச்சில் போவதாக உறுதி செய்திருக்கிறார். சிறிய மலை, குழு வகுப்பு, தொடக்கநிலைப் பாஸ். நண்பரும் வகுப்பில் சேர்கிறாராம், இரண்டு முறை சறுக்கியவர் என்பதால் அடுத்த குழுவில். மார்ச் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன்: மதிய வகுப்பை எடுக்காதீர்கள், கூழில் கற்க நேரும். காலையின் முதல் வகுப்பையும் எடுக்காதீர்கள், கண்ணாடியில் கற்க நேரும். பத்தரை மணிக்கு ஒரு வகுப்பு இருக்கிறதா என்று இன்றே எழுதிக் கேளுங்கள்.